மீன் லோடு பிக்கப்: பின் ஹேங்கர் மேலே சேஸ் பொத்துப்போச்சு. தகடு வச்சு அடிச்சாப் போதுமா?

முத்துநகர்_லோடு:

வண்டி 2011 மாடல் டீசல் பிக்கப். எட்டு வருஷமா மீன் லோடுதான், தூத்துக்குடி துறைமுகத்துல ஏத்தி திருநெல்வேலி, கோவில்பட்டி. பின்னால தெர்மாகோல் வச்ச ஐஸ் பெட்டி. நேத்து கமான் பட்டைக்கு (லோடைத் தாங்குற ஸ்பிரிங்) ஷேக்கிள் புஷ் மாத்தக் கழட்டினப்போதான் தெரிஞ்சது. வலது சேஸ்ல, பின் ஷேக்கிள் தொங்குற ஹேங்கர் பிராக்கெட்டுக்கு நேர் மேலே, திருப்புளியை அழுத்தினா உள்ளே போகுது. கீழ் மடிப்புல அஞ்சு ரூபா நாணயம் அளவு ஓட்டை. சுத்திலும் ஏடு ஏடா அப்பளம் மாதிரி பொரிஞ்சு உதிருது. இடது பக்கம் ஓட்டை இல்லை, ஆனா சுத்தியல்ல தட்டினா ரெண்டு பக்கமும் சத்தம் ஒரே மாதிரி இல்லை.

பின் பாதி முழுக்க திறந்த சி சேனல், அதாவது ஒரு நடுத் தகடும் மேல், கீழ் மடிப்பும் மட்டும். நாலு பக்கமும் மூடின பாக்ஸ் இல்லை.

ஒரு பட்டறையில "6 மி.மீ தகடு வச்சுச் சுத்தி அடிச்சுத் தர்றேன், ஒரே நாள் வேலை"ன்னு சொல்றாங்க. இன்னொருத்தர் சேஸையே மாத்தணும்ங்கறார். எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்று) ரெண்டு மாசம் இருக்கு. எஞ்சின், கியர் பாக்ஸ் ரெண்டும் நல்லா இருக்கு. என்ன பண்றது?

---

லேத்தும்_வெல்டும்:

அண்ணாச்சி, அந்த 6 மி.மீ வேலையை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைங்க.

சேஸ் ஓடுறப்போ நெளியணும், அதுக்காகத்தான் அது சி சேனல். நாலு மி.மீ சேஸ் மேலே ஆறு மி.மீ தகட்டை வச்சு நாலு பக்கமும் அடைச்சு வெல்டு போட்டா, அந்த இடம் மட்டும் கல்லு மாதிரி ஆயிடும். நெளிவு முழுக்கத் தகடு முடியுற ஓரத்துல வந்து நிக்கும். அங்கே குறுக்கா ஒரு வெல்டு கோடு வேற. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அந்தக் கோட்டை ஒட்டியே மயிரிழை விரிசல் கிளம்பி, மடிப்பு ஓரத்துல ஆரம்பிச்சு மேலே ஏறும். ஓட்டை இருந்த இடம் அப்படியே இருக்கும், அதுக்கு ஒரு அடி தள்ளி முறியும். இன்னொன்னு, தகட்டுக்கும் பழைய சேஸுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட துருவும் உப்பும் உள்ளேயிருந்து தின்னும், வெளியே பெயிண்ட் பளபளன்னு இருக்கும்.

முதல்ல அளவு எடுங்க. அது இல்லாம "அடிக்கலாம்", "மாத்தணும்" ரெண்டுமே வாய்ப்பேச்சுதான்.

பெட்டியை இறக்கியே ஆகணும். பெட்டி பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல மரச்சட்டம் இருந்தா, மேல் மடிப்பு அதுக்கு அடியிலதான் அதிகம் போயிருக்கும், கீழே படுத்துப் பார்த்தா தெரியாது. ஏட்டைச் சுத்தியலோட கூர்ப் பக்கத்தால தட்டி உதிர்த்து, கிரைண்டர்ல முறுக்குக் கம்பி கப் பிரஷ் போட்டு இரும்பு நிறம் வர்ற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க. மழமழன்னு இருக்கிற பிரஷ் துருவை மெழுகித் தேய்க்கும், எடுக்காது.

மடிப்பு ஓரத்தை வெர்னியர்ல பிடிச்சிரலாம். நடுத் தகட்டுக்கு வெர்னியர் எட்டாது. அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் கிடைச்சா நல்லது, இல்லேன்னா நடுத் தகட்டோட நட்ட நடுவுல 3 மி.மீ ஓட்டை போட்டு, முனையை வளைச்ச கம்பியை விட்டுப் பின்னால மாட்டி இழுத்துப் பிடிச்சு, கம்பி வெளியே வர்ற மட்டத்துல குறி வச்சு, வளைவுலேருந்து குறி வரைக்கும் அளங்க. நடுவுல போடுற சின்ன ஓட்டை சேஸுக்கு ஒண்ணும் பண்ணாது, வளைவு வர்றப்போ அங்கே இழுப்பும் இல்லை அழுத்தமும் இல்லை. மடிப்புல மட்டும் அளவு எடுக்கன்னு டிரில் வைக்காதீங்க, பாரம் தூக்குறது மடிப்புதான்.

ஒப்பிட ஒரு நல்ல இடம் வேணும். கேபினுக்குப் பின்னால தண்ணி படாத இடத்துல எடுங்க, அதுதான் உங்க வண்டியோட அசல் தடிமன். அங்கிருந்து பின் முனை வரைக்கும் 100 மி.மீக்கு ஒரு தடவை, மேல் மடிப்பு, நடு, கீழ் மடிப்பு மூணும், ரெண்டு பக்கமும். சாக்பீஸ்ல சேஸ் மேலேயே எழுதி போட்டோ போடுங்க.

என் கணக்கு இது: அசல்ல கால்வாசிக்குள்ள தேய்ஞ்சிருந்தா சுத்தம் பண்ணி பெயிண்ட் அடிச்சா ஓடும். கால்வாசி தாண்டினா உள்பக்கம் வலுவூட்டுத் தகடு. பாதிக்கு மேல போயிருந்தாலும் ஓட்டை இருந்தாலும் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுசு வைக்கணும். முன்பக்க கமான் ஹேங்கர், பின் ஹேங்கர், நடு குறுக்குச் சட்டம் மூணும் ஒரே சேஸ்ல கெட்டிருந்தா வண்டியை எடைக்குப் போடுறதுதான் லாபம்.

---

எஃப்சி_டேட்:

சேஸ் மாற்றச் சொல்பவருக்கு: சேஸ் என்பது பதிவுச் சான்றில் இருக்கும் நம்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவு விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி எதையும் செய்ய முடியாது. முழுச் சேஸ் மாற்ற நினைத்தால் முதலில் ஆர்டிஓ, பிறகுதான் பட்டறை. பழைய நம்பரை வெட்டி எடுத்துப் புதியதில் ஒட்டுவது, மறுபடி பஞ்ச் அடிப்பது எல்லாம் போலீஸ் கேஸில் முடியும். நம்பர் பஞ்ச் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கிரைண்டரே போக வேண்டாம். கம்பி பிரஷ் கப் ஒரு நிமிடத்தில் எழுத்தைத் தேய்த்துவிடும். மாஸ்கிங் டேப்பை நாலு சுற்று ஒட்டி, துணியில் தின்னர் நனைத்துக் கையால் துடையுங்கள்.

உங்கள் வண்டி எட்டு வருடம் தாண்டியது, எஃப்சி வருடா வருடம். ஆகவே "இந்தத் தடவை எப்படியாவது தேத்திவிடலாம்" என்று தார் பூசி மறைப்பது பன்னிரண்டு மாதத்துக்குத்தான்.

இன்னொன்று. சேஸ் இந்த அளவுக்குப் போயிருந்தால் அதை ஒட்டி ஓடும் பின் பிரேக் பைப்பையும் பாருங்கள், முக்கியமாகக் கிளிப்புக்குள். கிளிப்பில் நிற்கும் ஈரம்தான் பைப்பைத் தின்னும், வெளியே தெரியும் பைப் நல்லாத்தான் இருக்கும். ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றுங்கள். குழி விழுந்திருந்தால் முழு நீளமும் மாற்றவும், நடுவில் ஜாயின்ட் வேண்டாம். பின் அச்சுக்கு மேலே லோடுக்கு ஏற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருந்தால், அதன் கம்பி கையால் அசைகிறதா பாருங்கள். மீன் வண்டிகளில் இது இறுகிப்போய் நிற்பது சகஜம். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், இல்லையென்றால் லோடில் பிரேக்கே பற்றாது.

---

முத்துநகர்_லோடு:

பெட்டியை இறக்கிட்டேன். மரச்சட்டம் பஞ்சு மாதிரி இருந்தது, பிழிஞ்சா தண்ணி வருது. அளவு:

அசல் இடம் (கேபின் பின்னால்) 4.0 மி.மீ. சேனல் உயரம் 130, மடிப்பு 60.

வலது ஹேங்கர் மேலே நடுத் தகடு 2.4, கீழ் மடிப்பு ஓட்டையைச் சுத்தி 1.5. மேல் மடிப்பு 3.1. மோசமான நீளம் 380 மி.மீ. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் 3.6, 3.7ன்னு ஏறிடுது.

இடது அதே இடத்துல நடு 3.4, கீழ் மடிப்பு 3.0, மேல் 3.3.

முன் ஹேங்கர் ரெண்டும் 3.7க்கு மேலே. குறுக்குச் சட்டம் பரவாயில்லை. பிரேக் பைப் ரெண்டு கிளிப்புல குழி, மாத்திடறேன்.

வலது மட்டும் ஏன் இவ்வளவுன்னு இப்போ புரியுது. பெட்டியோட தண்ணி போற ஓட்டை வலது பின் மூலையில, நேரா சேஸ் மேலே ஊத்துது.

---

லேத்தும்_வெல்டும்:

காப்பாத்தலாம் அண்ணாச்சி. முன் ஹேங்கர் நல்லா இருக்கிறது பெரிய விஷயம்.

வலது பக்கம்: கீழ் மடிப்புல 3 மி.மீக்குக் குறைஞ்ச இடம் முழுக்க வெட்டி எடுங்க. வெட்டு நேர்க்குறுக்கா வேண்டாம், சாய்வா 45 டிகிரியில. கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம், 1 மி.மீ கட்டிங் வீல். 4 மி.மீ தகட்டுல அதே சாய்வுக்குத் துண்டு வெட்டி, ஓரத்தைச் சாய்ச்சுத் தேய்ச்சு, 2 மி.மீ இடைவெளி விட்டு முழு ஊடுருவல் வெல்டு. பிறகு உள்பக்கம் மட்டமா தேய்ச்சிருங்க, இல்லேன்னா அடுத்து வர்ற உள் சேனல் உட்காராது.

உள் சேனல்: கெட்ட நீளம் 380, ரெண்டு பக்கமும் சேனல் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு, அதாவது 260 நல்ல இரும்பு மேலே போகணும். 900 மி.மீ வைங்க. வெளி உயரம் 121, மடிப்பு 50. அப்போ அதோட விளிம்பு சேஸ் விளிம்புக்கு 6 மி.மீ உள்ளேயே நிக்கும். தகடு ஐஎஸ் 2062 இ350, 4 மி.மீ. தடிமன் சேஸை ஒட்டியே இருக்கணும். 210 மி.மீ அகலத்துல பட்டை வெட்டி பிரஸ் பிரேக்ல (தகடு வளைக்கிற மெஷின்) வளைக்கக் கொடுங்க. வளைவுக்குப் போற கழிவை அவங்களே பார்த்துப்பாங்க. ஒண்ணு ஆறு கிலோ வரும். இடது பக்கத்துக்கும் ஒண்ணு சேர்த்து வளைச்சிருங்க: அளவுப்படி கால்வாசிதான் போயிருக்கு, ஆனா ஒரு பக்கம் மட்டும் வலுவா இருந்தா வண்டி முறுக்குறப்போ மத்தப் பக்கம் அடி வாங்கும்.

ரெண்டு முனையும் மீன் வால் மாதிரி உள்நோக்கி வி வடிவத்துல வெட்டுங்க. வலு திடீர்னு முடியாம மெதுவா குறையும். முனையில வெல்டே கிடையாது. மடிப்பு விளிம்புலயும் கிடையாது.

பிடிமானம் பிளக் வெல்டுல, அதாவது ஓட்டை போட்டு அதுக்குள்ள வெல்டை நிரப்புறது: உள் சேனலோட நடுத் தகட்டுல 16 மி.மீ ஓட்டை, ரெண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஒண்ணுக்கொண்ணு நேரா வராம மாத்தி மாத்தி. நடுக்கோட்டுக்கு மேலே 30, கீழே 30. முனையிலிருந்து முதல் ஓட்டை 60 மி.மீ தள்ளி. ஒண்ணு அடிச்சா அடுத்தது எதிர் முனையில அடிங்க. வரிசையா அடிச்சுட்டே போனா சேஸ் வாழைப்பழம் மாதிரி வளையும். கீழ் மடிப்பைப் பிடிக்கிற வேலை ஹேங்கர் போல்ட்டுக்கு.

ஹேங்கர் ரிவிட்டா இருந்தா தலையைத் தேய்ச்சுத் தட்டி எடுங்க. திரும்ப ரிவிட் அடிக்கிற ஆள் இப்போ அபூர்வம். எம்12, 10.9 கிரேடு போல்ட், 11.8 டிரில் போட்டு 12க்கு ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குத் தேய்க்கிற கருவி) விட்டு இறுக்கமா உட்காரணும். 13 மி.மீ ஓட்டையில 12 போல்ட் போட்டா அது தினமும் ஆடி ஓட்டையை முட்டை வடிவமாக்கும். இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர் பக்கம். கமானை அச்சோட கட்டுற யூ போல்ட் புதுசுதான், பழசைத் திரும்பப் போடாதீங்க. 500 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட், ஹேங்கர் போல்ட் ரெண்டையும் மறுபடி இறுக்கணும்.

வெல்டு போடுறதுக்கு முன்னாடி: பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) இருக்கிற வண்டின்னா அதோட கனெக்டரையும். எர்த் கிளாம்பை வெல்டுக்கு ஒரு அடிக்குள்ள, தேய்ச்ச இரும்பு மேலே மாட்டுங்க. சக்கரத்துலயோ டிரம்லயோ மாட்டினா கரண்ட் சக்கர பேரிங் வழியா போகும், பேரிங்ல புள்ளி புள்ளியா குழி விழும். டீசல் டேங்கை இறக்கிடுங்க. சேஸைப் பல இடத்துல ஸ்டாண்டு வச்சுத் தாங்குங்க, ஹேங்கர் பக்கம் தொங்கக்கூடாது. முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு ஓட்டையை எடுத்துக் மூலைக்கு மூலை அளவு ரெண்டும் குறிச்சு வைங்க. வெல்டு முடிஞ்சு வித்தியாசம் 4 மி.மீ தாண்டக்கூடாது.

வெல்டுக்கு 7018 ராடுன்னா புதுப் பாக்கெட் உடைச்சது. திறந்து வச்ச ராடு கடற்கரை ஈரத்துல ஒரே நாள்ல உறிஞ்சிரும், அதை 350 டிகிரில ஒரு மணி நேரம் சுடாம போட்டா வெல்டு ஓரத்துல விரிசல் வரும். உள்ளூர்ப் பட்டறையில அந்த அடுப்பு இருக்காது. அதனால இஆர்70எஸ்-6 கம்பி, கார்பன் டை ஆக்சைடு கேஸ்ல மிக் வெல்டே (கம்பி தானா வர்ற வெல்டு) எனக்குச் சரின்னு படுது. ஒண்ணே ஒண்ணு: சாயங்காலம் கடல்காத்து வீசுறப்போ கேஸ் பறந்து வெல்டு தேன்கூடு மாதிரி ஆயிடும். தார்ப்பாய் கட்டுங்க, இல்லேன்னா காலையில அடிங்க.

---

உப்புக்காற்று:

வெல்டுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலான பட்டறைகள் அதை விட்டுவிடுவதால்தான் புதுப் பெயிண்ட் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் போடுகிறது: உப்பை வெளியே எடுப்பது.

துருவின் குழிகளுக்குள் குளோரைடு உட்கார்ந்திருக்கும். கம்பி பிரஷ் அதைத் தொடாது. மேலே எபாக்சி அடித்தாலும் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியிலேயே தன் வேலையைத் தொடரும். பார்க்க எளிய வழி: இரும்பு நிறம் வரும்வரை சுத்தம் செய்த இடத்தை ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மற்ற இடம் காய்ந்திருக்க, சில புள்ளிகள் மட்டும் வியர்த்துக் கருப்பாக இருந்தால் அங்கே உப்பு இருக்கிறது.

பிரஷர் வாஷரில் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். தூத்துக்குடியில் பல இடத்தில் போர் தண்ணீரே உவர்ப்பு, அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான். லாரித் தண்ணீர் அல்லது குடிநீர். ஆர்ஓ மெஷினுக்குப் பயன்படுத்தும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் போதும்: அடிக்கும் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள், சேஸிலிருந்து வடிவதை ஒரு கப்பில் பிடித்து அளங்கள். முதல் கழுவலில் பல மடங்கு காட்டும். கழுவு, காயவிடு, பிரஷ் போடு, மறுபடி கழுவு. வடிவது அடிக்கும் தண்ணீரை ஒட்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு சுற்று ஆகும்.

இந்தக் கரையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பாம்பனைப் பாருங்கள். 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கு அரிப்புதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அதே காற்றில்தான் உங்கள் வண்டி நிற்கிறது, கூடவே தினமும் ஐஸ் தண்ணீரும்.

பெயிண்ட்: மணல் வீச்சு செய்து வெள்ளை இரும்பு வந்தால் மட்டும் துத்தநாகம் நிறைந்த எபாக்சி. துத்தநாகம் இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் அது இரும்புக்குப் பதில் தான் கரையும். கையால் சுத்தம் செய்த சேஸில் அது வீண் செலவு. அங்கே எபாக்சி மாஸ்டிக், இரண்டு பாகம் கலப்பது, கோட்டுக்கு 125 மைக்ரான், இரண்டு கோட்டு. உங்கள் சேஸின் உள்ளும் வெளியும் சேர்த்து ஆறு சதுர மீட்டர் வரும், 4 லிட்டர் செட் போதும், கொஞ்சம் மிஞ்சும். ஓரம், வெல்டு, போல்ட் தலை இவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுங்கள், கூரான இடத்தில் பெயிண்ட் தானாகவே மெலிந்து நிற்கும். காலைப் பனி காயாத நேரத்தில் அடிக்க வேண்டாம்.

உள் சேனலும் சேஸும் ஒட்டும் இரண்டு முகத்துக்கும், பொருத்தும் முன் வெல்டு தாங்கும் துத்தநாக பிரைமர். பிளக் ஓட்டைக்கு நேரே சேஸில் மட்டும் அந்த பிரைமரைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வெல்டு, பெயிண்ட் எல்லாம் முடிந்தபின் இரண்டுக்கும் இடையிலான விளிம்பு முழுக்க பியு (பாலியூரிதேன்) சீலன்ட். கீழ் மூலையில் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் விரல் அகலம் விட்டுவிடுங்கள், உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

---

முத்துநகர்_லோடு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். முடிஞ்சதும் மேலே வேஸ்ட் ஆயில் அடிக்கலாமா? எங்க ஊர்ல எல்லாரும் அடிக்கிறாங்க. அப்புறம் மரச்சட்டத்துக்குப் பதிலா என்ன வைக்கிறது?

---

உப்புக்காற்று:

வேஸ்ட் ஆயில் வேண்டாம். அதில் எரிந்த அமிலமும் கரியும் இருக்கும், ஷேக்கிள் புஷ், பிரேக் ஹோஸ் ரப்பரை ஊத வைக்கும், நாலு தடவை கழுவினால் போய்விடும், போகும் வழியில் பிரேக் டிரம்முக்குள்ளும் சொட்டும். கேவிட்டி வாக்ஸ் (இடுக்குக்குள் அடிக்கும் மெழுகு) என்று கேட்டு வாங்கி, சேனலின் உள்பக்கம், வளையும் மூலை, பிராக்கெட் இடுக்கில் அடியுங்கள். வருடம் ஒருமுறை, எஃப்சிக்கு முன் கழுவும்போதே.

---

லேத்தும்_வெல்டும்:

மரத்துக்குப் பதிலா 10 மி.மீ எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பட்டை. தண்ணியை உறிஞ்சாது. முழு நீளத்துக்கும் போடாம, பாடி போல்ட் வர்ற இடத்துல 200 மி.மீ துண்டா போடுங்க, நடுவுல காத்துப் போகட்டும்.

பெட்டி ஓட்டையை மாத்தாம மேலே சொன்ன எதையும் பண்ண வேண்டாம். ஒன்றரை இஞ்ச் ஹோஸ் மாட்டி, சேஸோட கீழ் மடிப்பைத் தாண்டி ஒரு சாண் கீழே, சக்கரத்துக்கும் டிரம்முக்கும் படாத பக்கம் இறக்குங்க. அதைவிட நல்லது, பின்னால 30 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒண்ணைக் கட்டி அதுக்குள்ள விடுறது, ரோட்ல ஒழுகி வாங்கிக் கட்டிக்கவும் வேண்டாம். ஹோஸ்ல வலை வைங்க. ஒரு மீன் செதில் கத்தை அடைச்சாலும் தண்ணி பெட்டித் தரையில நின்னு, ஸ்க்ரூ ஓட்டை வழியா திரும்பவும் அதே சேஸ் மேலேதான் இறங்கும்.